உறைபனியில் வாத்து குளிராதது ஏன்?

ஐஸ்லாந்துக் கடற்கரையில் வாழும் ஐடர் என்னும் கடல்வாத்து, கடும் பனிக்காலத்திலும் நீரில் மூழ்கிச் சிப்பிகளைத் தேடி உண்ணும். நீரோ உறைநிலையை ஒட்டியது. பறவையின் உடல் வெப்பமோ ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ். இத்துணை வேறுபாடு இருந்தும் அவ்வெப்பம் வெளியேறாமல் நிற்பது எவ்வாறு?

“இறகிலுள்ள எண்ணெயே குளிரைத் தடுக்கிறது” என்பது பலரும் கூறும் விடை. அது முழு உண்மையன்று. வெப்பத்தைக் காப்பது காற்றேயாகும். வாத்தின் மேலிறகுகளில் மிக நுண்ணிய கொக்கிகள் உள்ளன. அவை ஒன்றையொன்று பற்றி, நீர் புகாத போர்வையாக அமைகின்றன. அப்போர்வையின் கீழ் மெல்லிய தூவி அடர்ந்திருக்கும். தூவியினிடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து அலகால் எடுத்துப் பூசும் எண்ணெய், இறகுகள் வறண்டு முறியாமல் காக்கிறது. ஆகவே எண்ணெய் போர்வையன்று. போர்வையைப் பேணும் பொருள்.

இறகற்ற கால்களின் நிலை என்ன? அங்கே இயற்கை வேறொரு வழியை அமைத்துள்ளது. காலுக்குச் சூடான குருதியைக் கொண்டு செல்லும் தமனிகளும், குளிர்ந்த குருதியை மீட்டுவரும் சிரைகளும் நெருங்கி அமைந்துள்ளன. எதிரெதிராக ஓடும் இரு குருதிகளுள் சூடானது தன் வெப்பத்தைக் குளிர்ந்ததற்கு அளிக்கிறது. அதனால் வெப்பம் உடலுக்கே திரும்புகிறது. பாதமோ உறைந்துவிடாத அளவுக்கு மட்டும் வெப்பம் பெறுகிறது. பாதம் குளிர்ந்திருப்பதால் பனிக்கட்டிக்கு அது இழப்பதும் சிறிதே. ஒற்றைக்காலில் நின்று, மற்றதை இறகினுள் மறைப்பதும் அவ்விழப்பை மேலும் குறைக்கும்.

இவ்வுண்மையை அறியாதவர்க்கு மற்றொரு செய்தி புதிராகவே தோன்றும். 1989ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள், அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் என்னும் கப்பல் பாறையில் மோதி, கச்சா எண்ணெய் கடலிற் பரவியது. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கடற்பறவைகள் மடிந்தன என மதிப்பிட்டுள்ளனர். எண்ணெயே குளிரைத் தடுப்பதாயின், எண்ணெயில் நனைந்தவை குளிரால் இறப்பானேன்? கச்சா எண்ணெய் இறகுகளை ஒட்டவைத்து, அவற்றின் பின்னலைக் குலைக்கிறது. அவ்விடைவெளியில் நீர் புகுந்து காற்றை வெளியேற்றுகிறது. நஞ்சால் இறப்பவை போகக் குளிரால் இறப்பவையும் பல.

வகுப்பறையில் இதனை எளிதில் விளக்கலாம். வெந்நீர் நிறைந்த இரு குப்பிகளுள் ஒன்றை உலர்ந்த பஞ்சாலும், மற்றொன்றை நனைந்த பஞ்சாலும் சுற்றி வைத்தால் போதும். எது முதலில் ஆறுகிறது என்பதை மாணவர் தம் கைகளாலேயே தொட்டறிவர். பாதி விடையை மனப்பாடம் செய்வதினும் இதுவே நன்று.