‘ஹேவிங்’ எங்கே வரும், எங்கே வராது?

வேலைக்கான நேர்முகத் தேர்வில் “ஐ ஆம் ஹேவிங் ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்” என்று சொல்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். சொல்ல வந்தது எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும். ஆனாலும் இலக்கணப்படி அது பிழை. “ஐ ஹேவ்” என்று சொன்னாலே போதும்.

நாம் “கார் வெச்சிருக்கேன்” என்கிறோம். “படிச்சிட்டிருக்கேன்” என்றும் சொல்கிறோம். இரண்டும் ‘இருக்கேன்’ என்றே முடிவதால், ஆங்கிலத்துக்குப் போகும்போது இரண்டுக்கும் ‘இங்’ சேர்க்கத் தோன்றுகிறது. ஆங்கிலமோ இவற்றை வேறாகப் பார்க்கிறது. படிப்பது நடந்துகொண்டிருக்கும் செயல். கார் இருப்பது ஒரு நிலை. நிலைக்கு ‘இங்’ கிடையாது.

ஆகவே உடைமை, உறவு, நோய், அனுபவம் எல்லாவற்றுக்கும் வெறும் ‘ஹேவ்’தான்: “ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்”, “ஐ ஹேவ் எ ஃபீவர்”. அவன், அவள், அது என்றால் ‘ஹேஸ்’. இல்லை என்று மறுக்கும்போது ‘டஸ்’ வந்துவிடுவதால் மறுபடி ‘ஹேவ்’தான்: “ஹி டஸ் நாட் ஹேவ் எ பைக்”. அங்கே ‘ஹேஸ்’ போடக் கூடாது.

‘ஹேவிங்’ முழுக்கத் தப்பும் அல்ல. சாப்பிடுவது, குளிப்பது, கூட்டம் நடத்துவது போன்ற செயல்களுக்கும் ‘ஹேவ்’ வரும். அவை நடந்துகொண்டிருந்தால் “வி ஆர் ஹேவிங் லஞ்ச்” என்பது சரியான ஆங்கிலம்.

வித்தியாசம் பளிச்சென்று தெரிய ஓர் எடுத்துக்காட்டு: “ஷி ஹேஸ் எ பேபி” என்றால் அவளுக்குக் குழந்தை இருக்கிறது. “ஷி இஸ் ஹேவிங் எ பேபி” என்றால் அவளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, அல்லது இப்போது பிரசவம் நடக்கிறது. அப்படியானால், “ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்” என்று ஓர் அப்பா சொன்னால் கேட்பவர் சிரிக்கத்தான் செய்வார்.

துணைவினையாக வரும் ‘ஹேவ்’ முடிந்த செயலைச் சொல்லும்: “ஐ ஹேவ் சென்ட் த மெயில்”. எப்போது என்று முடிந்துபோன நாளைக் குறித்துவிட்டால் அது வெளியேறிவிடும். “ஐ ஹேவ் சென்ட் த மெயில் எஸ்டர்டே” தவறு. “ஐ சென்ட் த மெயில் எஸ்டர்டே” சரி.

பிறரை வைத்து ஒரு வேலையைச் செய்துகொள்வதற்கும் இதே சொல்தான். சலூனுக்குப் போய் வந்தவர் தமிழில் “முடி வெட்டினேன்” என்றாலும் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் “ஐ கட் மை ஹேர்” என்றால் தானே கத்தரிக்கோலை எடுத்ததாகத்தான் பொதுவாக நினைப்பார்கள். “ஐ ஹேட் மை ஹேர் கட்” என்றால் வேறொருவர் வெட்டிவிட்டது தெளிவாகும். வீட்டுக்கு ஆள் வைத்துப் பெயின்ட் அடித்ததும் இப்படித்தான்: “வி ஹேட் த ஹவுஸ் பெயின்டட்”.

கடைசியாக, கட்டாயத்தைச் சொல்லும் ‘ஹேவ் டு’. “யூ ஹேவ் டு கம்” என்றால் வந்தே ஆக வேண்டும். அதை மறுத்து “யூ டோன்ட் ஹேவ் டு கம்” என்றால் வரக் கூடாது என்று பொருளல்ல. வர வேண்டிய அவசியமில்லை, விருப்பமிருந்தால் வரலாம். வரவே கூடாது என்பதற்கு “யூ மஸ்ட் நாட் கம்”. மேலதிகாரியின் மெயிலில் “யூ டோன்ட் ஹேவ் டு கம்” என்று வந்தால் தடை என்று எண்ணிக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம். போவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.