கிடைமரத்தைத் தாங்கும் வாயுத்தண்டு

துறையிற் கட்டப்பட்டு நிற்கும் பாய்ப்படகொன்றைப் பார்ப்பவர் கண்ணில் முதலிற் படுவது நிமிர்ந்த பாய்மரமே. அதன் அடிப்பகுதியிலிருந்து படகின் பின்புறத்தை நோக்கிக் கிடையாக நீண்டிருக்கும் மற்றொரு மரமும் உண்டு. ஆங்கிலேயர் அதனைப் பூம் என்பர். பெரும்பாயின் அடிவிளிம்பைப் பற்றி நிற்பது அதுவே. மரம் என்னும் பெயர் பழைய வழக்கின் எச்சமாகும்; இக்காலத்து உல்லாசப் படகுகளிற் பெரும்பாலானவற்றில் அஃது ஓர் அலுமினியக் குழாய். குழாயேயாயினும் அதன் பாரம் சிறிதன்று. மடித்துக் கட்டிய பாயோடு சேர்ந்தால், பத்து மீற்றர் நீளமுள்ள படகொன்றில் அது முப்பது கிலோகிராமை எளிதில் எட்டும். அத்தகைய பாரம் படகில் அமர்ந்திருப்போரின் தலைக்கு நேர்மேலே தொங்குகின்றது.

பாய் விரிந்திருக்கும்போது கிடைமரத்தின் பின்முனையைப் பாயே தூக்கிப் பிடிக்கின்றது. பாயை இறக்கினாலோ, காற்று மிகுந்தவிடத்து அதன் பரப்பைக் குறைக்க முயன்றாலோ, அந்தப் பிடி விட்டுப் போகும். அப்பொழுது அதனைத் தாங்குவதற்கு வேறொன்று வேண்டும். பாய்மரத்தின் உச்சியிலிருந்து கிடைமரத்தின் பின்முனைக்கு ஒரு தூக்குகயிறு கட்டுவது பழைய முறை. அது மலிவானது, பழுதடைவதும் அரிது. ஆயினும் ஓட்டத்தின்போது அக்கயிறு பாயின் பின்விளிம்பில் ஓயாது உராய்ந்து தையலைத் தேய்த்துவிடும். இக்குறையை நீக்க எழுந்ததே விறைப்பான தாங்குதண்டு. பிரித்தானியர் இதனைக் கிக்கர் என்றும், அமெரிக்கர் வாங் என்றும் வழங்குவர்.

பாய்மரத்தின் அடியிலிருந்து சாய்வாக மேலெழுந்து, கிடைமரத்தின் கீழ்ப்புறத்திற் பொருந்தும் இத்தண்டு, ஒன்றனுள் ஒன்று நுழையும் இரு குழாய்களால் ஆனது. வெளியே ஒரு கப்பிக் கயிறு கிடைமரத்தைக் கீழ்நோக்கி இழுக்கும். உள்ளே ஒரு வில் அதனை மேல்நோக்கித் தள்ளும். காற்று கிடைமரத்தை மேலே தூக்கிப் பாயின் வடிவைக் கெடுக்காதபடி இழுப்பது முதற்றொழில். பாய் இறங்கியபோது கிடைமரம் மாலுமியின் தலையில் விழாதபடி ஏந்துவது இரண்டாந்தொழில். சுவீடன் நாட்டுச் செல்டேன் நிறுவனம் முதலிய பாய்மரக் கம்மியர் செய்யும் தாங்குதண்டுகள் பலவற்றில் அந்த உள்வில் உருக்குச் சுருளன்று. வாயு அடைத்த தண்டு.

வாயுத்தண்டை நேயர் பலர் வேறோரிடத்திற் கண்டிருப்பர். சில மோட்டார் வண்டிகளின் பின்கதவைச் சிறிது தூக்கிவிட்டால் அது தானே மேலெழுந்து நிற்கின்றது. அதன் இருபுறமும் காணப்படும் மெல்லிய கருந்தண்டுகள் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. இருபுறமும் அடைத்த ஓர் உருளை. அதனுள் ஒரு முசலம். முசலத்தோடு பொருந்தி ஒருமுனை வழியாக வெளியே நீளும் ஒரு கோல். உருளையினுள் நைதரசன் வாயுவை மிகுந்த அமுக்கத்தில் அடைத்துச் சிறிது எண்ணெயும் விட்டிருப்பர். நைதரசனைத் தேர்ந்ததற்குக் காரணமுண்டு. அஃது உலோகத்தைக் கறள்பிடிக்கச் செய்யாது. எண்ணெயோடு கூடி எரியவும் மாட்டாது.

இங்கே பலரும் பிறழ உணரும் ஓர் உண்மை உளது. வாயு முசலத்தைத் தள்ளுவதாற் கோல் வெளிவருகின்றது என்பதே பொதுவான எண்ணம். ஆனால் முசலத்திற் சிறு துளை இருப்பதால் அதன் இருபக்கத்திலும் வாயுவின் அமுக்கம் ஒன்றேயாம். கோல் பொருந்தியிருக்கும் பக்கத்தில் மட்டும், கோலின் தடிப்பளவுக்குப் பரப்புக் குறைகின்றது. அக்குறைவே தள்ளும் விசையாக மாறுகின்றது. ஆகவே தண்டின் வலிமையைத் தீர்மானிப்பன வாயுவின் அமுக்கமும் கோலின் குறுக்குப் பரப்புமே. 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள கோலின் பரப்பு ஏறக்குறைய 78 சதுர மில்லிமீற்றர். அத்தகைய கோல் 1000 நியூற்றன் விசையோடு, அதாவது ஏறக்குறைய நூறு கிலோகிராம் பாரத்தைத் தூக்கும் அளவுக்குத் தள்ள வேண்டுமாயின், உள்ளிருக்கும் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல் 125 மடங்காதல் வேண்டும். மோட்டார் வண்டிச் சக்கரத்திலுள்ள காற்றின் அமுக்கம் இதில் ஐம்பதில் ஒரு பங்கும் இராது.

அவ்வளவு அமுக்கத்தையும் வெளியேறாது காப்பது கோலைச் சுற்றியுள்ள மெல்லிய அடைப்பு வளையம் ஒன்றே. வளையம் தன் வேலையைச் செய்வது கோலின் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்குமட்டுமே. வாயுத்தண்டின் ஆயுள் கோலின் தோலில் இருக்கின்றது எனலாம். மோட்டார் வண்டியிற் பல்லாண்டு உழைக்கும் தண்டு கடலிற் சில பருவங்களிற் செத்துப்போவதும் இதனாலேயே. சாதாரண உருக்குக் கோலின்மேற் குரோமியம் பூசியிருப்பர். அப்பூச்சிற் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய வெடிப்புக்கள் உண்டு. உப்புநீர் அவற்றினூடாக உருக்கைச் சென்றடைந்து கறளை உண்டாக்கும். கறள் பருத்துக் குரோமியத்தைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். கிடைமரம் ஒருமுறை தாழ்ந்தெழும்போது அச்செதில்கள் வளையத்தின் விளிம்பைக் கத்தியைப்போல் அறுக்கும். அதன்பின் வாயு கசியும். முதலில் மாதக்கணக்கில், பின்னர் நாட்கணக்கில்.

கறளேறா உருக்காற் செய்த கோல் இதனினும் மேலானது. ஆயினும் முற்றும் பாதுகாப்பானதன்று. அவ்வுருக்கைக் காப்பது அதன் மேற்பரப்பிலுள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படலம். அப்படலம் கெட்டவிடத்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஒட்சிசன் வேண்டும். தேங்கிநின்ற உப்புநீரில் ஒட்சிசன் குறைவு. ஆதலின் அங்கே சிறுசிறு குழிகள் விழும். தாங்குதண்டின் அலுமினியக் குழாயினுள்ளே, அதுவும் அடிமுனையில், நீர் தேங்குவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கின்றது. நீர் வடிவதற்கென விட்ட சிறுதுளையை உப்பும் அழுக்கும் அடைத்துவிட்டால், கோல் மாதக்கணக்கில் உப்புக்குளத்தில் நின்றதாகவே முடியும்.

நோயை அறிவது கடினமன்று. கப்பிக் கயிற்றைத் தளர்த்தியபின்னும் கிடைமரம் மேலெழாது தாழ்ந்தே கிடக்கும்; அல்லது கையாற் தூக்கிவிட்டால் சிறிது நேரம் நின்று மெல்ல இறங்கும். குழாயின் அடியில் எண்ணெய்க் கசிவும் செந்நிறக் கறையும் காணப்படலாம். குளிர்ந்த காலையிற் சிறிது தாழ்வது மட்டும் நோயன்று. வெப்பநிலை பத்துப் பாகை குறைந்தால் வாயுவின் அமுக்கமும் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்கு குறையும்; அஃது இயற்கை. வலுவிழந்த தண்டிற்கு மீண்டும் வாயு ஏற்றலாமோ எனின், இவ்வகைத் தண்டுகளிற் பெரும்பாலானவை ஒருமுறை அடைத்தபின் திறக்க முடியாதவை. ஏற்ற வழியிருந்தாலும், குழிவிழுந்த கோலை வைத்துக்கொண்டு வாயு ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே. மாற்றுவதுதான் முறை.

மாற்றும் வேலையில் முதற்கவனம் கிடைமரத்துக்கு உரியது. படகு அமைதியான துறையில் நிற்க வேண்டும். தூக்குகயிறு இருந்தால் அதனாலும், இல்லையேற் பெரும்பாயை ஏற்றும் கயிற்றைக் கிடைமரத்தின் பின்முனைக்குக் கொண்டுபோய்க் கட்டியும், அதன் பாரத்தைத் தாங்கச் செய்தல் வேண்டும். துணைக்கு இன்னொரு கயிறும் கட்டுவதை மிகையென்று எண்ணலாகாது. பின்பு ஒருவர் கையாற் கிடைமரத்தைக் கீழ்நோக்கி அமுக்கிப் பார்த்து, கயிறு பிடித்துக்கொண்டது உறுதியென அறிந்த பின்னரே தாங்குதண்டைத் தொடலாம்.

அடுத்து, கப்பிக் கயிற்றை முற்றாகத் தளர்த்தி, தாங்குதண்டு தன் முழுநீளத்துக்கு நீளும்வரை கிடைமரத்தை உயர்த்த வேண்டும். வாயுத்தண்டு முழுநீளத்தை அடைந்ததும் அதன் முசலம் உள்ளேயுள்ள தடையில் முட்டி நின்றுவிடும்; வெளியே தள்ளும் விசை அப்பொழுது முனைகளுக்குச் செல்லாது. இணைப்பு முளைகள் கையோடு கழன்று வருமாயின் விசை தணிந்தது என்பதற்கு அதுவே சான்று. முளை இறுகி நிற்கையிற் சுத்தியலால் அடித்துக் கழற்ற முற்படுவோர், அடைபட்ட நூறு கிலோகிராம் விசையைத் தம் முகத்துக்கு நேரே அவிழ்க்கின்றனர். கழற்றும் முளையை ஒரு நூலிற் கட்டி வைப்பதும் நன்று. படகிலிருந்து தவறும் சிறு பொருள்கள் எப்பொழுதும் தண்ணீரையே நாடுகின்றன.

தாங்குதண்டைக் கரைக்குக் கொண்டுவந்தபின் குழாய்களைப் பிரிப்பதே மிகுந்த பொறுமையை வேண்டும் கட்டம். கறளேறா உருக்குத் திருகாணிகள் அலுமினியத்தைத் தொட்டு நிற்குமிடத்தில் உப்புநீரும் சேர்ந்தால், அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகிவிடும். அதில் அரிபடுவது அலுமினியம். அவ்வரிப்பின் வெண்பொடி திருகாணியைச் சீமெந்து பூசியதுபோற் பிடித்துக்கொள்ளும். நன்னீரால் உப்பைக் கழுவி, ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் மெல்லத் தட்டித் திருப்புவது நல்ல வழி. தறையாணிகளாயின் அவற்றைத் துளைத்தெடுக்கலாம்; துளைக்கும் அலகு வாயுத்தண்டின் உருளையை எட்டாதபடி அதன் ஆழத்துக்கு எல்லை வைத்துக்கொள்ள வேண்டும். இறுகிய திருகாணியைத் தீச்சுவாலையாற் சூடாக்கும் கம்மியர் வழக்கம் இங்கே முற்றிலும் விலக்கத்தக்கது. உள்ளே இன்னும் வாயு இருக்கக்கூடும்; சூடேற அதன் அமுக்கமும் ஏறும்.

பழைய தண்டு வெளிவந்ததும் அதன் முழுநீளம், கோல் நகரும் தூரம், கோலின் விட்டம், உருளையின் விட்டம், முனைகளின் வகை ஆகியவற்றை அளந்து எழுதிக்கொள்ளல் வேண்டும். விசையின் அளவை உருளையின்மேல் நியூற்றன் கணக்கில் அச்சிட்டிருப்பர். கடல்நீர் அவ்வெழுத்தை அழித்திருந்தால் தாங்குதண்டு செய்தோரின் பட்டியலைப் பார்க்கலாம். அதுவும் கிடையாதபோது கணக்கிட்டே அறிய வேண்டும். உயிரற்ற தண்டை அமுக்கிப் பார்த்து அறிய முடியாது.

கணக்கு எளிது. பாயை மடித்துக் கட்டியபடி, கிடைமரத்தின் பின்முனையை ஒரு விற்றராசிற் தூக்கி எடையைப் பார்க்க வேண்டும். தராசு 15 கிலோகிராம் காட்டுகின்றது எனவும், கிடைமரத்தின் நீளம் 4 மீற்றர் எனவும் கொள்வோம். இரண்டையும் பெருக்க 60 வரும். தாங்குதண்டு பாய்மரத்திலிருந்து 1 மீற்றர் தூரத்திற் பொருந்தியிருந்தால் அவ்விடத்தில் நேர்மேல்நோக்கி 60 கிலோகிராம் வேண்டும். ஆனால் தண்டு நேராக நிற்பதில்லை. 45 பாகை சாய்ந்து நின்றால் அதன் வழியே வேண்டிய விசை ஏறக்குறைய 85 கிலோகிராம், அதாவது 830 நியூற்றன். உராய்வுக்கும், கயிறுகளின் பாரத்துக்கும் இடம்விட்டு 1000 நியூற்றன் தண்டைத் தேர்ந்தெடுக்கலாம். வலிமை கூடினால் நன்மையும் கூடும் எனக் கருதி இருமடங்கு விசையுள்ளதை வாங்குவது தவறு. கோல் உட்செல்லச் செல்ல வாயு ஒடுங்கி விசை இன்னும் ஏறும். அதனோடு மல்லாடிக் கிடைமரத்தைக் கீழிழுப்பது மாலுமிக்கு வீண் உழைப்பு. மென்காற்றிற் பாயின் வடிவமும் கெடும்.

புதிய தண்டு கறளேறா உருக்காலானது எனில் விலை பலமடங்கு அதிகம். கடலில் உழைக்கும் படகுக்கு அச்செலவு தகும் என்றே கொள்ளலாம். அதனைப் பொருத்தும்போது, செய்தோர் வேறு கூறாவிடின், கோல் கீழ்நோக்கி இருப்பதே நன்று. உள்ளேயுள்ள எண்ணெய் அப்பொழுது அடைப்பு வளையத்தின்மேல் தங்கி அதனை ஈரமாக வைத்திருக்கும். மேல்நோக்கி வைத்தால் வளையம் உலர்ந்து வெடிக்கும். ஆயின் கீழ்ப்புறந்தானே நீர் தேங்குமிடம்! எண்ணெயின் நன்மையை நாடிக் கோலைக் கீழே வைப்பவர், குழாயின் அடியிலுள்ள வடிதுளையைத் திறந்து வைப்பதைத் தம் கடமையாகவே ஏற்றுக்கொள்கின்றனர். அதனைச் செய்யாது தண்டை மட்டும் மாற்றினால் புதியதும் பழையதன் வழியே போகும். துளை அடைபட்டிருப்பின் கம்பியாற் குத்தித் திறந்து, மேலிருந்து நன்னீர் ஊற்றி, அது தடையின்றி வடிவதைக் கண்ணாற் கண்டபின் மூடுவது முறை.

கோலை இடுக்கியாற் பற்றலாகாது. ஒரு கீறலே வளையத்துக்குப் போதும். அதற்குக் கிறீசு பூசுவதும் ஆகாது. உப்புப் பொடியைப் பிடித்துவைக்கும் பசையாக அது மாறிவிடும். திருகாணிகளுக்கு மட்டும் குரோமேற்றுச் சேர்ந்த தடுப்புப் பசையோ இலனோலினோ பூசினால் அடுத்தமுறை கழற்றுவோர் வாழ்த்துவர். புதுத்தண்டைக் கையால் ஒடுக்கிப் பொருத்த முயல வேண்டுவதில்லை. முழுநீளத்தில் நிற்கும்படியே முளைகளை இட்டு, பிளவூசிகளை விரித்து, பின்னர் தூக்கிய கயிற்றைச் சிறிது சிறிதாக இளக்கினாற் கிடைமரத்தின் பாரமே அதனை வேண்டியமட்டும் ஒடுக்கும். கயிறு முற்றாகத் தளர்ந்தபின்னும் கிடைமரம் தன் நிலையில் நின்று, கப்பிக் கயிற்றை இழுக்கத் தாழ்ந்து, விட்டதும் எழுமாயின் வேலை நிறைவெய்தியது. துணைக்கயிற்றை அதன்பின்னரே அவிழ்த்தல் வேண்டும்.

எஞ்சியிருப்பது பழைய தண்டு. பார்வைக்கு இரும்புத் துண்டு. ஆயினும் அதனுள் எவ்வளவு வாயு எஞ்சியுள்ளது என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. அதனை வாளால் அறுப்பதும், தீயிலிடுவதும், குப்பையோடு எறிவதும் பேராபத்தானவை. அமுக்கத்தை வெளியேற்றுவதற்குச் சிலர் உருளையில் நுண்துளை இடுவர். அது செய்தோர் குறித்த இடத்தில், உரிய காப்புடன், பயின்ற கம்மியர் செய்யும் வேலை. படகின் சொந்தக்காரர் அதனைத் துணியிற் சுற்றி, வாங்கிய கடையிலோ பழைய உலோகம் கொள்வோரிடத்திலோ, வாயு அடைத்த தண்டு என்று எழுதியொட்டி ஒப்படைப்பதே போதுமானது.