விறகு மிச்சமாகும் அடுப்பும் வணிகர் கடமையும்



சீயக்காய், பூந்திக்கொட்டை, கடுக்காய், மலைத்தேன் ஆகியவை மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு கடைகளில் நாள்தோறும் விலைபோகும் சரக்குகள். இவை காட்டிலிருந்தும் மலையடிவாரத்திலிருந்தும் நமக்கு வருகின்றன. இவற்றைச் சேகரித்துத் தரும் மக்களில் பலருடைய வீட்டில் அடுப்பெரிவதும் அதே காட்டு விறகினால்தான். காடு குறைந்தால் அவர்களுக்கு விறகில்லை, நமக்குச் சரக்கில்லை. ஆகவே இந்த அடுப்பு விஷயத்தை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

மூன்று கல் கூட்டிய அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்தைச் சேரும். மீதி காற்றோடு போகும். சீர்திருத்திய அடுப்பில் விறகுக்கு அடியில் இரும்புக் கம்பித் தட்டு இருக்கும். அதன் வழியே காற்று ஏறி, விறகு நன்கு எரியும். பாத்திரம் அடுப்பின் வாயில் இடைவெளியின்றி உட்காரும். புகை குழாய் வழியே வெளியேறும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் 'அஸ்த்ரா' அடுப்பு இவ்வகையைச் சேர்ந்தது. இதனால் விறகும் மிச்சம், பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நிம்மதி. வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

மத்திய அரசு 1983-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன. ஆயினும் 2002-ல் அத்திட்டம் கைவிடப்பட்டது. காரணம் என்ன? தட்டு தேய்ந்தாலோ குழாய் உடைந்தாலோ மாற்றித் தர ஊரில் ஆளில்லை. புகைக்கரி அடைத்த அடுப்புகள் மூலையில் கிடந்தன.

நெல்லைச் சீமையில் வேறொரு வழி நடந்தது. களக்காடு முண்டந்துறை 1988-ல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாயிற்று. உலக வங்கி உதவியுடன் 1990-களில் அடிவார ஊர்களில் கிராம வனக்குழுக்கள் அமைந்தன. தொழிலுக்குக் கடனும், விறகுக்கு மாற்றாகச் சாண எரிவாயு போன்ற வசதிகளும் கிடைத்தன. திரும்பி வந்த கடன் அடுத்தவருக்குப் போயிற்று. காட்டுக்குள் விறகு வெட்டப் போவோர் குறைந்தனர். தாமே பணம் போட்ட பொருளை மக்கள் பேணுவார்கள் என்பது வணிகர் அறியாததல்ல.

2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் ஏழை வீடுகளுக்கும் எரிவாயு இணைப்பு கிடைத்தது. எனினும் அடுத்த சிலிண்டருக்குப் பணம் புரளாத மாதத்தில் விறகுக்கே திரும்பும் வீடுகள் உண்டு. அங்கே 5 கிலோ சிறு சிலிண்டர் கைகொடுக்கும். மளிகைக் கடைகளும் அதை விற்க எண்ணெய் நிறுவனங்கள் வழி செய்துள்ளன.

நம்மிடம் கொள்முதல் செய்யும் அடிவார ஊர்க் கடைக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான்: அடுப்பை விற்பதோடு நிற்காதீர்கள். கம்பித் தட்டு, புகைக்குழாய், அதன் மேல்மூடி ஆகியவற்றைத் தனித்தனியாகவும் இருப்பு வையுங்கள். விறகைச் சிறிதாகப் பிளந்து, காயவைத்து எரிக்கச் சொல்லுங்கள். குழாயில் படியும் கரியை அவ்வப்போது தட்டிவிடச் சொல்லுங்கள். லாபம் சிறிதுதான்; ஆனால் ஒருமுறை வந்தவர் மறுமுறையும் நம் கடைக்கே வருவார்.