சோலார் ஹீட்டரை நீங்களே மாட்டலாம்... காற்றுக் குழாயை மட்டும் அடைச்சுடாதீங்க!

நெய்வேலி: பழுப்பு நிலக்கரியில் கரண்ட் எடுக்கும் ஊர் நெய்வேலி. ஆனாலும் மார்கழி குளிரில் காலை ஷிப்டுக்கு கிளம்புகிறவருக்கு வெந்நீர் தேவைதான். 100 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியில் இருந்து 55 டிகிரிக்கு சூடாக்க கரண்ட் ஹீட்டர் 3 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். மொட்டை மாடி வெயில் அதே வேலையை சும்மா செய்து கொடுக்கிறது.

கண்ணாடிக் குழாய் சோலார் ஹீட்டரில் மோட்டார் கிடையாது, வயரிங் கிடையாது. சூடான தண்ணீர் லேசாகி மேலே டேங்குக்கு ஏறும். குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கும். அவ்வளவுதான் சூட்சுமம். பகலில் ஏறிய சூடு மறுநாள் காலை வரை டேங்கில் நிற்கும். பைப் ஒட்டத் தெரிந்தவர் ஒரு துணை ஆளோடு தானே மாட்டி விடலாம்.

நகரிய குவார்ட்டர்சில் இருப்பவர்கள் மட்டும் அவசரப்படக் கூடாது. வீடு கம்பெனியுடையது. மாடியில் ஒரு துளை போடுவதாக இருந்தாலும் முதலில் அனுமதி வாங்க வேண்டும். இந்திரா நகர், மந்தாரக்குப்பம் பக்கம் சொந்த வீடு உள்ளவர்களுக்கு அந்த தொல்லை இல்லை.

தெற்கு பார்த்து வைங்க

நெய்வேலியில் ஆண்டில் சுமார் 8 மாதம் உச்சி வெயில் தெற்கே சாய்ந்துதான் அடிக்கிறது. எனவே குழாய்கள் தெற்கு பார்க்க வேண்டும். மரநிழல் விழவே கூடாது.

தண்ணீரே 100 கிலோ. கான்கிரீட் தளத்தில்தான் வைக்கணும், ஷீட் கூரையில் கூடாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர் மாவட்டத்தை புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்டாண்டின் கால்களை போல்ட் போட்டு இறுக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் டேங்கை காலி செய்யாதீங்க. தண்ணீர் வெயிட்தான் அதை பிடித்து வைக்கும்.

இதுதான் உயிர்நாடி

பச்சைத் தண்ணி டேங்கின் அடிப்பகுதி, சோலார் டேங்கை விட ஒரு அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். சோலார் டேங்க் தலையில் இருந்து ஒரு காற்றுக் குழாய் போகும். அது பச்சைத் தண்ணி டேங்கின் உச்சியையும் தாண்டி நிற்க வேண்டும்.

சிலர் ‘தண்ணி வழியுதே’ என்று அதற்கு மூடி போட்டு விடுகிறார்கள். ரொம்ப ஆபத்து! ஆவி போக வழியில்லாமல் டேங்க் வீங்கி வெடிக்கலாம். தண்ணீர் சட்டென இறங்கினால் உள்ளே நசுங்கியும் போகலாம். வழிகிறது என்றால் குழாய் உயரம் பத்தவில்லை என்று அர்த்தம். இன்னும் ஒரு அடி ஏத்துங்க, தீர்ந்தது.

வெந்நீர் லைனுக்கு சாதா பி.வி.சி. பைப் ஆகாது, இளகி வளைந்து விடும். சி.பி.வி.சி. பைப் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் தடவை தண்ணீர் விடுவது விடியற்காலையில்தான். வெறும் குழாய் வெயிலில் காய்ந்து கிடக்கும்போது பச்சைத் தண்ணி பட்டால் படாரென்று விரிசல் விடும். அதுவரை சாக்கு போட்டு மூடி வைக்கலாம்.

கோடையில் தண்ணீர் 70 டிகிரியை தாண்டும். பிஞ்சுக் கையில் பட்டால் நொடியில் தோல் உரிந்து விடும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணி, அப்புறம்தான் வெந்நீர்.

வாங்கும்போது குழாயின் நுனியையும் பாருங்க. வெள்ளி போல பளபளக்கணும். பால் மாதிரி வெளுத்திருந்தால் காற்று புகுந்து விட்டது, சூடு நிற்காது.

‘78 ஆயிரம் ரூபாய் மானியம் வரும்’ என்று யாராவது சொன்னால் நம்பி விடாதீங்க. 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தின் மானியம், கரண்ட் எடுக்கும் சோலார் பேனலுக்குத்தான். வெந்நீர் ஹீட்டருக்கு அதில் ஒரு பைசா கிடையாது.