சலவைக்கல்லும் அதனைப் பேணும் முறையும்

பளிங்கு என்னும் சொல் பழந்தமிழில் குறித்தது இன்று நாம் மார்பிள் என வழங்கும் கல்லை அன்று. ஒளி ஊடுருவும் படிகத்தையே குறித்தது. மணிமேகலையின் நான்காம் காதை 'பளிக்கறை புக்க காதை' எனப் பெயர் பெறும். உவவனத்தில் மணிமேகலை புகுந்த அப்பளிக்கறை, உள்ளிருப்பாரின் உருவை வெளியே காட்டும் தன்மையது. சலவைக்கல் என்ற பெயரோ, வெளுத்த ஆடையின் வெண்மை நோக்கி எழுந்தது எனக் கொள்ளலாம். பெயரில் சலவை உண்டேனும், இக்கல்லைச் சலவை செய்வது எளிய செயல் அன்று.

ஜவ்வாது மலைத்தொடரை அடுத்துள்ள வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய பாலாற்றங்கரை ஊர்களில், பள்ளிவாசல்களின் ஒளுச் செய்யுமிடங்களிலும் இல்லங்களின் குளியலறைகளிலும் இக்கல்லைப் பதிப்போர் உளர். நம் மலை தருவது கருங்கல். சலவைக்கல்லோ இராசத்தானத்து மக்ரானா போன்ற இடங்களிலிருந்து வருவது. கருங்கல்லின் மீது ஆசிட் ஊற்றித் தேய்த்துப் பழகிய கை, சலவைக்கல்லின் மீதும் அதனையே ஊற்றிவிடுகிறது. கேடு அங்கேதான் தொடங்குகிறது.

சலவைக்கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆயது. அதாவது சுண்ணாம்புக்கல்லின் உடன்பிறப்பு. அமிலம் பட்டவுடன் நுரைத்துக் கரியமில வாயு வெளிப்படும். நுரை வரக் கண்டு 'அழுக்குப் போகிறது' என மகிழ்வோர் உண்டு. போவது அழுக்கன்று, கல்! எலுமிச்சைச் சாறு, வினிகர், புளி ஆகியனவும் மெல்ல மெல்ல இதனையே செய்யும். ஒருமுறை மங்கிய மெருகு, எத்துணை கழுவினும் மீளாது. பொறி கொண்டு மீண்டும் இழைத்தே பெறவேண்டும்.

இனி நம் பகுதி நீரின் இயல்பையும் நோக்க வேண்டும். தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுப் பகுதியின் நிலமும் நீரும் கெட்டமை பற்றி உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அளித்த தீர்ப்பினை மூத்தோர் அறிவர். உப்பும் கடினத்தன்மையும் மிக்க நீர் கல்லின்மீது நின்று உலரும்போது, வெண்படலம் ஒன்றை விட்டுச் செல்கிறது. அப்படலத்திலும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டே. படலத்தைக் கரைக்க வல்லது எதுவோ, அதுவே கல்லையும் கரைக்கும். எனவே படிந்தபின் நீக்குவதினும் படியாமல் காப்பதே அறிவுடைமை. நீரைப் புழங்கியபின் ரப்பர் பட்டை பொருத்திய தள்ளுகோலால் சுவரையும் தரையையும் வழித்துவிடுவதற்கு ஓரிரு நிமிடங்களே ஆகும். இச்சிறு பழக்கத்துக்கு ஈடான மருந்து கடையில் இல்லை.

கழுவுவதற்கு, அமிலமோ காரமோ மிகாத திரவச் சோப்பைச் சிறிதளவு வெந்நீரில் கலந்து மென்துணியால் துடைத்தல் போதும். கட்டிச் சோப்பு வன்னீருடன் கூடிப் பிசுக்காகத் திரியும். சீயக்காயும் சற்றே அமிலத்தன்மை உடையதாகலின் கல்லுக்கு ஆகாது. கம்பி நார், மணற்பொடி இரண்டையும் விலக்குக. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருசேர இடுவது மிகக் கொடிது. எழும் குளோரின் வாயு, அடைத்த குளியலறையுள் பணி செய்யும் எளியவரின் மூச்சையே பறிக்க வல்லது. கல் கெட்டால் வேறு கல் வாங்கலாம்.

எண்ணெய், அத்தர் முதலியவற்றின் கறை கல்லின் நுண்துளைகளுள் இறங்கிவிடும். (மலைக்குப் பெயரான ஜவ்வாதும் கறை செய்வதில் சளைத்ததன்று.) அதற்கு முல்தானி மட்டியைக் குழைத்து அப்பி, உலர்ந்து கறையை உறிஞ்சியபின் கழுவுவர். தாஜ்மகாலின் மஞ்சள் படிந்த சுவர்களுக்குத் தொல்லியல் துறையினர் 1994 முதல் செய்துவரும் சிகிச்சையும் இம்மண் பூச்சே. ஷாஜகான் 1639 முதல் 1648 வரை எழுப்பிய தில்லிச் செங்கோட்டையின் ஹம்மாமிலும் தரை, வண்ணக் கற்கள் இழைத்த சலவைக்கல்லே. அரண்மனையில் துடைக்க ஆளிருந்தது; நம் குளியலறையில் நாமே துடைக்க வேண்டும்.

கல்லின்மீது ஒரு துளி நீரிட்டுச் சிறிது நேரம் கழித்துப் பார்க்க. அவ்விடம் கருத்துத் தோன்றினால் கல் நீரை உறிஞ்சுகிறது எனக் கொண்டு, கல்லுக்குரிய சீலர் பூசுவித்தல் நலம். சீலர் கறை இறங்குவதைத் தாமதப்படுத்துமேயன்றி, அமிலத்தைத் தடுக்காது. விற்போர் இதனைச் சொல்வது அரிது.

தரைக்குக் கண்ணாடி போன்ற மெருகு வேண்டா என்பது நம் கருத்து. நீர் பட்ட மெருகுத் தளம் வழுக்கும். வைகறைத் தொழுகைக்கு ஒளுச் செய்ய வரும் முதியவர்க்கு இடுப்பெலும்பு முறியுமாயின், அத்தளத்தின் அழகால் யாது பயன்? சுவருக்கு மெருகு இருக்கட்டும். தரைக்கு மெருகேற்றாது இழைத்த மங்கல் முகமே தக்கது. புதிய பள்ளிவாசல் கட்டும் முத்தவல்லிகள் கல் வாங்குமுன்னரே இதனைக் கருத வேண்டும்.

மய்யித்தைக் குளிப்பாட்டச் சில மஹல்லாக்களில் சலவைக்கல் பலகை வைத்துள்ளனர். இலந்தை இலை கலந்த நீரும் கற்பூர நீரும் அதன்மேல் ஓடுவதால், இலைச்சாறு தேங்கி உலர்ந்தால் கறை படியும். அதன்மேல் ஆசிட் ஊற்றிச் சொரசொரப்பாக்கிவிட்டால், அச்சொரசொரப்பில் அழுக்கு மேலும் தங்கும். பணி முடிந்தவுடன் நிறைய நல்ல நீர் விட்டு அலசி, உலர்ந்த துணியால் ஒற்றி, நீர் வடியுமாறு சாய்வாக நிறுத்தி வைத்தல் போதுமானது.