வரைபடத்தில் தெரியாத கடுகண்ணாவை

மஃரிப் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது மகன் லெப்டொப்பின் முன்னால் அசையாமல் இருந்தான். கறுப்புத் திரையில் உலக வரைபடம். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குச் சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள் பாய்ந்துகொண்டிருந்தன. ஓரத்தில் எண்கள் விடாமல் ஏறின.

"வாப்பா, இப்ப நடக்கிற சைபர் தாக்குதலாம் இது. பாருங்களேன், முக்கால்வாசி சீனாவிலிருந்துதான் வருது."

"எங்கட கடுகண்ணாவை எங்க மகன்?" என்று பகிடியாகக் கேட்டேன்.

"அது இதில வராது வாப்பா. இங்க யாரு ஹேக் பண்றது?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 2016இல் அவன் சின்னப் பிள்ளை. அந்த ஆண்டு ஒகஸ்ட் மாதக் கடைசியில் இலங்கை ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளத்துக்குள் யாரோ புகுந்து, சிங்களத்தில் ஒரு செய்தியைப் போட்டார்கள். உயர்தரப் பரீட்சையை ஏப்ரலில் வைத்தால் புத்தாண்டோடு மோதும், அதை மாற்றுங்கள் என்பது முதல் கோரிக்கை. இலங்கை இணையத்தளங்களின் பாதுகாப்பைக் கவனியுங்கள் என்றும் அதில் இருந்தது. சில நாட்களில் பொலிஸார் கைது செய்தவர்களில் ஒருவன் 17 வயது மாணவன். ஊர், நம் கடுகண்ணாவை.

நாடே பேசிய அந்தச் சம்பவம் இப்படியான வரைபடமொன்றில் கோடாக விழுந்திருக்குமா? பெரும்பாலும் விழுந்திருக்காது. ஏன் என்று விளங்க, இந்தப் படங்கள் எப்படி உருவாகின்றன என்று பார்க்க வேண்டும்.

இவற்றை வெளியிடுபவை பெரும்பாலும் பாதுகாப்பு மென்பொருள் விற்கும் நிறுவனங்கள். கஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் படம், அதன் மென்பொருளைப் போட்டிருக்கும் கணினிகள் பிடித்தவற்றைக் காட்டுகிறது. 2013இல் கூகுளும் ஆர்பர் நெட்வர்க்ஸும் சேர்ந்து வெளியிட்ட படம், ஒரு தளத்தை நெரிசலால் முடக்கும் தாக்குதல்களை மட்டுமே காட்டியது. நோர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் படம் மிகப் பிரபலம். அது ஆங்காங்கே பொறிக் கணினிகளை வைத்து, அவற்றைத் தட்டிப் பார்ப்பவர்களையெல்லாம் கோடாக வரைந்தது. தட்டுவதென்றால், தெருவில் போகிறவன் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தள்ளிப் பார்ப்பது போல. அதில் அநேகம் தானியங்கி நிரல்களின் வேலை. உள்ளே புகுந்ததாக அர்த்தமில்லை. படம் உலகப் புகழ் பெற்றும், அந்த நிறுவனம் 2016 தொடக்கத்தில் சரிந்தது.

ஆக, எந்தப் படமும் உலகம் முழுவதையும் பார்ப்பதில்லை. தன் பொறியும் தன் வாடிக்கையாளரும் இருக்கும் இடத்தை மட்டும் பார்க்கிறது.

அடுத்தது, கோடு தொடங்கும் இடம். நம் கணவாயில் ஒரு காவலாளியை நிறுத்தி, கண்டிக்குப் போகும் வாகனங்கள் எங்கிருந்து வருகின்றன என்று எழுதச் சொன்னதாக வைத்துக்கொள்வோம். அவர் கண்ணுக்கு எல்லா வாகனமும் மாவனல்லைப் பக்கமிருந்துதான் ஏறி வரும். கொழும்பில் ஏறியவர், களுத்துறையில் புறப்பட்டவர், எல்லாரும் மாவனல்லைக்காரர் என்று அவர் எழுதிவிட்டால்? வரைபடமும் அப்படித்தான். கடைசியாகக் கடந்த கணினியின் ஐபி முகவரியைத்தான் அது காண்கிறது. பின்னால் இருப்பவன் வேறு நாட்டில் இருக்கலாம். அந்தக் கணினியின் சொந்தக்காரருக்கே விஷயம் தெரியாமலும் இருக்கலாம்.

முகவரியை வைத்து இடத்தைச் சொல்வதிலும் பிசகு உண்டு. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் பொட்வின் அருகே ஒரு பண்ணை வீடு. 'அமெரிக்கா' என்பதற்கு மேல் இடம் தெரியாத முகவரிகளுக்கு மெக்ஸ்மைண்ட் நிறுவனம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் கொடுத்திருந்தது. அந்தப் புள்ளி விழுந்தது அந்தப் பண்ணையில். 60 கோடிக்கும் அதிகமான முகவரிகள் அங்கே இருப்பதாகத் தரவு சொன்னது. மோசடிக்காரனைத் தேடியும் காணாமற்போனவரைத் தேடியும் பொலிஸார் பல ஆண்டுகளாக அந்த வாசலுக்கு வந்தார்கள். காரணம் வெளியானது 2016இல்தான்.

செய்யாத ஒன்றுக்காக வாசலில் நின்று பதில் சொல்வது எப்படி என்று 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம்மில் பலருக்குத் தெரியும். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற ஸூரா அல்ஹுஜுராத்தின் கட்டளை, திரையில் பாயும் கோட்டுக்கும் பொருந்தும். மகன் சொன்ன "சீனாக்காரன்" என்ற தீர்ப்பும் இந்த வகைதான்.

படம் காட்டாமல் விடுவது இன்னும் பெரிது. 2023 ஒகஸ்ட் 26இல் நம் அரசாங்கத்தின் 'லங்கா கவர்மென்ட் கிளவுட்' கப்பம் கேட்கும் நிரலால் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். மே 17 முதல் அன்று வரையான மின்னஞ்சல்கள் போயே போயின, ஏனென்றால் அந்தக் காலத்துக்கு வேறிடத்தில் பிரதி இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மென்பொருளும் காலாவதியான பதிப்பு. பிரதி எடுக்காத மாதங்களை எந்த வண்ணக் கோடும் காட்டாது.

அதே 2016இல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலை போட்டுக் கொடுத்த கடவுச்சொல்லை மாற்றாத கெமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் வளைத்துப் பிறரைத் தாக்கியது. கோடுகள் அந்தக் கெமராக்கள் இருந்த வீடுகளிலிருந்து கிளம்பின. எழுதியவர்களோ இருபது வயதையொட்டிய அமெரிக்க இளைஞர்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் மகன் கேட்டான்: "அப்ப நம்மட பள்ளி கெமராவுக்கு என்ன பாஸ்வேர்ட் வாப்பா?"

நிர்வாகத்தில் இருக்கும் எனக்கே தெரியாது. மறுநாள் ளுஹருக்குப் பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தோம். வாங்கிய அன்றிருந்த அதே கடவுச்சொல்தான். பெட்டியின் அடியில் அச்சிட்டே இருந்தது. மாற்றினோம். மென்பொருளையும் புதுப்பித்தோம். ஜனாஸா சங்கக் கணக்கு, சந்தாப் பதிவு எல்லாவற்றையும் தனி டிஸ்க் ஒன்றில் பிரதியெடுத்து அலுமாரியில் வைத்தோம். அரை மணித்தியால வேலை.

அந்தக் கடுகண்ணாவைப் பிள்ளை செய்தது தவறு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றமும்கூட. ஆனாலும் தளங்களின் பாதுகாப்பைக் கவனியுங்கள் என்று அன்று எழுதப்பட்ட வரியை யாராவது காதில் போட்டிருந்தால், ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்த மின்னஞ்சல்கள் மிஞ்சியிருக்கக்கூடும்.