எஸ்டேட் என்றால் தோட்டம் மட்டும்தானா?

மலேசியத் தமிழர்களுக்கு எஸ்டேட் என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. பால்மரம், செம்பனை, லயம், பெரட்டு, மாரியம்மன் கோயில் திருவிழா எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். இரண்டு பெரியவர்கள் புதிதாகச் சந்தித்தால் இன்றும் முதலில் வரும் கேள்வி, "எந்த எஸ்டேட்டு?" என்பதுதான்.

ஆனால் வங்கியிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. காலமான அப்பாவின் பெயரோடு எஸ்டேட் என்ற சொல்லும் அதில் இருக்கிறது. "அப்பா எஸ்டேட்டில் வேலைதானே செய்தார், எஸ்டேட்டா வைத்திருந்தார்?" என்று அதை அலமாரியில் செருகிவிட்டால், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தச் சொல்லின் வேர், 'நிலை' என்று பொருள்படும் இலத்தீன் சொல். பழைய பிரெஞ்சு மொழி வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் சமுதாயத்தில் ஒருவருக்கு இருந்த நிலையைக் குறித்தது. பிரான்சில் மதகுருமார், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகிய மூன்று பிரிவினரும் மூன்று எஸ்டேட்டுகள் எனப்பட்டனர். பத்திரிகைத் துறையை நான்காவது எஸ்டேட் என்று சொல்வதும் இந்தப் பொருளில்தான். அந்தக் காலத்தில் ஒருவரின் நிலையை அவருடைய நிலமே காட்டியதால், சொல் மெல்ல நிலத்துக்கும் சொத்துக்கும் நகர்ந்தது. வெள்ளைக்காரத் துரைமார்கள் மலாயாவுக்குக் கொண்டு வந்தது இந்த நிலப் பொருளைத்தான்.

பிறகு நிலம் கைமாறியது, சொல் அங்கேயே நின்றது. பெட்டாலிங் ஜெயா ஒரு காலத்தில் எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டம். சுபாங் ஜெயா சீஃபீல்டு தோட்டம். இன்று அவையும் எஸ்டேட்தான், ஆனால் வீடமைப்பு எஸ்டேட். நாம் தாமான் என்போம், சிங்கப்பூரில் பேட்டை என்பார்கள். ஜூரோங் தொழிற்பேட்டையில் இருப்பதும் இதே சொல்தான். வீடு, நிலம் விற்பவரை ரியல் எஸ்டேட் முகவர் என்கிறோம். பின்பக்கம் நீண்ட ஒரு வகைக் காருக்கும் இங்கிலாந்தில் எஸ்டேட் என்றே பெயர்.

இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் போனாலும் பெரிய நட்டமில்லை. சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பொருள் அப்படியல்ல.

சட்டத்தில் எஸ்டேட் என்றால் இறந்தவர் விட்டுச் சென்றவை அனைத்தும். மலாயில் ஹர்த்தா பூசாக்கா. தாமான் வீடு, வங்கிக் கணக்கு, பழைய மோட்டார் சைக்கிள், எப்போதோ வாங்கிய பங்கு எல்லாம் அதில் சேரும். அவருடைய கடனும் இதோடு ஒட்டியே வரும். முதலில் கடனை அடைத்த பிறகுதான் பங்கீடு. ஆக, ஓர் ஏக்கர் நிலம் இல்லாத பால்மரத் தொழிலாளிக்கும் எஸ்டேட் உண்டு.

1955ஆம் ஆண்டின் சிறு எஸ்டேட் பங்கீட்டுச் சட்டத்தின் பெயர் இன்னும் குழப்பும். 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடலில் வேலையையும் வீட்டையும் இழந்த குடும்பங்களுக்கு, எஸ்டேட்டைப் பங்கிடுவது என்றால் வேறு நினைவுதான் வரும். இந்தச் சட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் வீடோ நிலமோ இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளிக்கு மேற்போகாவிட்டால், உயர் நீதிமன்றம் போகாமல் மாவட்ட நில அலுவலகத்திலேயே பங்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதே இதன் சாரம். 2024 ஜூலை வரை இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. வீடு, நிலம் எதுவும் இல்லாமல் 6 லட்சம் வெள்ளிக்கு மேற்படாத ரொக்கமும் மற்ற அசையும் சொத்தும் மட்டும் இருந்தால், அமானா ராயாவை நாடலாம்.

உயில் இல்லையென்றால் யாருக்கு எவ்வளவு? "மூத்தவனுக்குத்தான் வீடு" என்பது நம் வீட்டுப் பேச்சு, சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தீபகற்ப மலேசியாவிலும் சரவாக்கிலும் முஸ்லிம் அல்லாதவருக்கு 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இருந்தால் அவர்களுக்குக் கால் பங்கு, மனைவி அல்லது கணவருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு. பெற்றோர் இல்லையென்றால் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகளில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. கட்டிக்கொடுத்த மகளுக்கும் சம பங்கு உண்டு.

இரண்டு விஷயங்கள் இதற்குள் வராது. முஸ்லிம் அல்லாத ஊழியர் சேமநிதிச் சந்தாதாரர் வாரிசு நியமனம் செய்திருந்தால், அந்தப் பணம் நேராக நியமிக்கப்பட்டவருக்கே போகும். அடுத்தது டிஓஎல் எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம். உரிமம் பெற்றவர் இறந்ததும் அதுவும் முடிந்துவிடும், பிள்ளைகளுக்குத் தானாக மாறாது. தோட்டத்தை விட்டு வெளியேறி அப்படிப்பட்ட நிலத்தில் வீடு கட்டியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தாத்தாவின் பெயரிலேயே இருக்கும் வீட்டு மனைகள் நம்மிடையே ஏராளம். பெயர் மாற்றாமலே அப்பாவும் இறந்துவிட்டால், தாத்தாவின் எஸ்டேட்டோடு அப்பாவின் எஸ்டேட்டையும் பார்க்க வேண்டி வரும். அத்தை, சித்தப்பா பிள்ளைகள் வரை தேடிப் பிடித்துக் கையொப்பம் வாங்க வேண்டியிருக்கும். விண்ணப்பிக்கும் இடம், இறந்தவர் வாழ்ந்த மாவட்டம் அல்ல, நிலம் இருக்கும் மாவட்டத்தின் நில அலுவலகம். மரணச் சான்றிதழ், நிலப்பட்டாவின் நகல், வாரிசுகளின் அடையாள அட்டை நகல்கள் ஆகியவற்றோடு அங்கு 'பூசாக்கா கெச்சில்' என்று கேட்டால் போதும். விண்ணப்பப் பாரம் கிடைக்கும்.